சிவப்பு வளையம்

ஒரு விடுகதை போடுகிறேன், தம்பி. விடை சொன்னால் பண்ணையைச் சுற்றிப் பார்க்கலாம். சொல்லாவிட்டாலும் பார்க்கலாம், அது வேறு. ஆனால் இங்கே வருகிறவர்கள் எல்லாரும் இதைத் தாண்டித்தான் உள்ளே போவார்கள். கேளுங்கள்.

ஒற்றைக் காலில் நிற்கும்.
ஓராயிரம் கை நீட்டும்.
பக்கத்தில் கூட்டம் சேர்ந்தால் இளைத்துப் போகும்.
அது என்ன?

யோசியுங்கள். அவசரம் இல்லை. இன்றைக்குப் புதன்கிழமை, வேன் எதுவும் வராது. நின்றுகொண்டே ஏன் யோசிக்கிறீர்கள்? அந்தக் கட்டையில் உட்காருங்கள். பலாக்கட்டைதான். பால் எல்லாம் வற்றிவிட்டது, வேட்டியில் ஒட்டாது. அகலத்தைப் பாருங்கள், இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

கொக்கா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். கொக்குக்கு ஏது ஆயிரம் கை?

மரம், தம்பி. முதல் இரண்டு வரி நான் போட்டது. மூன்றாவது வரி என் மகள் தர்ஷிகா சேர்த்தது. "அது வேணாம்டா, வர்றவங்க குழம்பிப்போவாங்க" என்றேன். "அதானப்பா நெசம்" என்றாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. நிஜம்தான். மரத்தை மரம் நெருங்கினால் இரண்டும் இளைத்துத்தான் போகும். அந்த நிஜத்தில்தான் நான் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் உள்ளேதான் இருக்கிறாள். கூப்பிட்டால் வரமாட்டாள். முன்பெல்லாம் வேன் சத்தம் கேட்டதும் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தலைவலி என்கிறாள். கண்ணில் ஏதாவது கோளாறாக இருக்கும். ஆலங்குடியில் கண் டாக்டரிடம் காட்டவேண்டும். எனக்கு எங்கே நேரம்?

நீங்கள் கரூர்ப் பக்கம் என்றீர்கள். இரண்டு ஏக்கரில் மரம் வைத்து, நடுவில் மிளகு ஏற்றப் போகிறீர்கள், அப்படித்தானே? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு வராமல் தனியாக வந்தீர்கள் பாருங்கள், நல்லது. கூட்டத்தில் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். மரம் வையுங்கள். ஆனால் பேர் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

முதலில் இது தென்னந்தோப்பு. கஜா புயல் ஒரே இரவில் அத்தனையையும் படுக்கப் போட்டுவிட்டது. காலையில் வந்து பார்த்தால் ஒரு மரம் நிற்கிறது. இந்தப் பலா. என் மகளுக்கு அப்போது நாலு வயசு. தூக்கிக்கொண்டு வந்தேன். "அப்பா, இது மட்டும் ஏன் விழல?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் தேக்கும் மகோகனியும் வைத்தேன். எட்டடிக்கு ஒரு கன்று. நெருக்கம்தான். நெருக்கமாக வைத்தால் பக்கக் கிளை விடாமல் நேராக மேலே ஏறும். நாலைந்து வருஷம் கழித்து ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துவிடவேண்டும். கலைப்பது என்போம். கலைத்தால்தான் மிச்சம் நிற்கிற மரம் பருக்கும், கீழே வெயில் இறங்கும், மிளகு சரம் விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மைக் பிடித்து நானே இதைச் சொல்லியும் கொடுத்தேன்.

பண்ணையைப் பார்க்க ஆள் வர ஆரம்பித்தது இரண்டாவது வருஷம். முதலில் விவசாயிகள். பிறகு காலேஜ் பிள்ளைகள். பிறகு பள்ளிக்கூட வேன். திருச்சியிலிருந்து, தஞ்சாவூரிலிருந்து, குடும்பம் குடும்பமாக. வந்ததும் நீர்மோர். பிறகு தர்ஷிகாவின் விடுகதை. பிறகு வரப்பு மேலேயே ஒரு சுற்று. கடைசியில் பலாவடியில் என் பேச்சு. நல்ல நிழல், மேடை மாதிரி இருக்கும். இப்போது சாமியானா போடவேண்டியிருக்கிறது.

பேர் வைக்கிற பழக்கம் எப்படி வந்தது தெரியுமா? நான் கொண்டுவரவில்லை. ஒரு வேனில் வந்த சின்னப் பிள்ளை ஒரு கன்றைத் தொட்டு, "அங்கிள், இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டது.

"தேக்கு, கண்ணு."

"அது எல்லாத்துக்கும் இருக்கிற பேரு. இதுக்கு என்ன பேரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் பேரையே வை" என்றேன். கூட வந்திருந்த ரெஜினா டீச்சர் கைதட்டினார்கள். தர்ஷிகா ஓடிப்போய் ஒரு பலகைத் துண்டை எடுத்து வந்து வெள்ளைப் பெயிண்டால் அந்தப் பிள்ளையின் பேரை எழுதிக் கட்டிவிட்டாள். அவ்வளவுதான். வேனில் வந்த அத்தனை பிள்ளைக்கும் ஒரு மரம் வேண்டும் என்று ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு வந்தவர்கள் வரும்போதே "பேர் கட்டுற பண்ணை இதுதானே" என்று கேட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

நான் என்ன செய்யட்டும்? இல்லை என்று சொல்ல முடியுமா? பிள்ளைகள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

எல்லாப் பலகையும் தர்ஷிகா கையெழுத்துதான். அழகான கை. ஒரு எழுத்துப் பிழை இருக்காது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பலாவடியில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவர்கள் பேரை எழுதிக் காய வைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குள் இருக்கவே மாட்டாள் அந்தப் பிள்ளை. எப்போதும் இங்கேதான். புத்தகப் பை இங்கே, புளியங்கொட்டை இங்கே, பென்சில் சீவல் இங்கே. மேலே ஒரு கிளையில் ஊஞ்சல் கயிறு வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கயிற்றைச் சுருட்டி மேலே போட்டு, கீழே கிடக்கிறதை எல்லாம் பெருக்கித் தள்ளுவது எனக்கு ஒரு வேலை. வருகிறவர்கள் நிற்கிற இடம் பாருங்கள்.

ஒரு தடவை எழுதிக்கொண்டே கேட்டாள். "அப்பா, எனக்கு ஒரு பலகை எழுதிக்கட்டுமா?"

"உனக்கு எதுக்குடா? பண்ணையே உன்னுதுதானே."

"எந்த மரம்?"

"எல்லா மரமும்தான்."

சரி என்று சொல்லிவிட்டாள். மறுபடி கேட்கவில்லை. சொன்னால் புரிந்துகொள்கிற பிள்ளை, அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன்.

இப்போது பாருங்கள், மரம் வளர்ந்துவிட்டது. கலைக்கிற வயசு வந்தது, அதையும் தாண்டியது. எதைக் கலைப்பது? முதல் வரிசையில் முதல் மரம் கவின். இரண்டாவது ஹர்ஷிதா. மூன்றாவது, இரட்டைப் பிள்ளைகள், இரண்டு பேரும் ஒரே பலகையில். ஒன்றுவிட்டு ஒன்று என்றால் ஹர்ஷிதாவை வெட்டவேண்டும். அந்தப் பிள்ளை பொங்கலுக்குப் பொங்கல் வந்து மரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போகிறது.

வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார் வந்து பார்த்தார். அண்ணாந்து பார்த்தார், அப்புறம் மரத்தைக் கையால் பிடித்துப் பார்த்தார். "அடைக்கலம், இது மரமா, மூங்கில் கழியா? உசரம் மட்டும் போயிருக்கு, உடம்பே இல்ல. இன்னொரு கஜா வந்தா ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு எல்லாம் படுத்துரும். ஐப்பசிக்கு முன்னாடி பாதியை எடுத்துரு. அனுமதி எல்லாம் நான் பார்த்து வாங்கித் தர்றேன்" என்றார்.

கஜா என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்துவிட்டது, தம்பி. ஒரு தடவை எல்லாம் போய்ப் பார்த்தவன் நான். இன்னொரு தடவை தாங்காது.

என் வீட்டுக்காரி சித்ராதேவிக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தப் பேர் கட்டுகிற விஷயம் பிடிக்கவில்லை. "பேர் எழுதுனா மரத்துக்குப் பட்டா கொடுத்த மாதிரியா? வெட்டுறதை வெட்டுங்க. கேட்டா, சொல்லிக்கலாம்" என்றாள்.

"என்னன்னு சொல்றது?"

"ஞாயித்துக்கிழமை மைக்க வாங்கினா வைக்க மாட்டேங்கிறீங்க. இதுக்கு மட்டும் வாய் வராதா?"

அவள் அப்படித்தான் பேசுவாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். வெட்டப்போகிற மரத்துப் பலகையை அவிழ்த்து, நிற்கப்போகிற மரத்தில் பக்கத்திலேயே கட்டிவிடலாம். மரம் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கும் சரியென்று பட்டது. முதலில் ஒரு வரிசையில் மட்டும் மாற்றிப் பார்த்தோம். தர்ஷிகா பார்த்துக்கொண்டே நின்றாள். "அவங்களுக்குத் தெரியும்பா" என்றாள். "சும்மா இரு" என்றேன்.

தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறே திருச்சியிலிருந்து ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். ரிஷிவர்மன் என்று பேர் அந்தப் பையனுக்கு. மரத்துக்கிட்டே போனான், கட்டிப்பிடித்தான், விட்டான். "இது என் மரம் இல்ல" என்றான். பலகையில் பேர் இருக்கிறதே என்றால், "பலகை என்னுது, மரம் என்னுது இல்ல. என் மரத்துல முழங்கை உசரத்துல ஒரு மரு இருக்கும்" என்றான். போய்ப் பக்கத்து மரத்தில் மருவைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அந்த அம்மா செல்போனைத் தூக்கிவிட்டது. "என்ன சார், பிள்ளைங்களைப் போய் ஏமாத்துறீங்க?"

வாட்சப்பில் ஊரெல்லாம் சுற்றியது. உங்களுக்குக்கூட வந்திருக்கலாம். அன்றைக்கே எல்லார் முன்னாலும் மைக் பிடித்துச் சொல்லிவிட்டேன், இனி எந்தப் பலகையும் இடம் மாறாது என்று. வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் சொன்ன நிமிஷமே தெரிந்தது, என் கையை நானே கட்டிக்கொண்டேன் என்று. வெட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. போன வருஷம் புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி வருகிறது. கீழே மிளகுக்கொடி இலை மட்டும் விட்டுக்கொண்டு ஏறுகிறது, சரம் இல்லை. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் மரம் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை, தம்பி. இப்போதும் நான் அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். நான் வெட்டினால் தானே என்னைக் கேட்பார்கள்? ஒரு பிள்ளை தேர்ந்தெடுத்தால் இன்னொரு பிள்ளை கோபித்துக்கொள்ளாது. எல்லாப் பலகையும் எழுதியவள் என் மகள். எல்லார் பேரும் அவளுக்குத் தெரியும். யார் அடிக்கடி வருகிறார்கள், யார் ஒரு தடவையோடு மறந்துவிட்டார்கள், எல்லாம் தெரியும். அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்?

சாயங்காலம் இங்கே ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் காட்டிச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை நீதான் போடணும். வெட்டுற மரத்தைச் சுத்தி ஒரு வளையம். ஒண்ணுவிட்டு ஒண்ணு."

ஆடுவதை நிறுத்திவிட்டாள். "நானா?"

"நீதான். உன் கைக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசமாட்டாங்க."

"அழுவாங்களேப்பா."

"கொஞ்ச நேரம் அழுவாங்க. அப்புறம் மோர் குடிப்பாங்க."

"என்னைத்தானே பார்த்து அழுவாங்க?"

நான் சிரித்தேன். பிள்ளைகள் எப்படியெல்லாம் யோசிக்கிறார்கள் பாருங்கள். "அம்மா சொல்லட்டுமே" என்றாள். "அம்மாவுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். டப்பாவை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "நான் எந்த மரத்துக்குப் போட்டாலும் வெட்டுவீங்களா?"

"நீ போட்டது போட்டதுதான். அப்பா சொன்னா மாத்தமாட்டேன்."

மாற்றவும் இல்லை. அந்தப் பேர் எனக்கு உண்டு இந்த வட்டாரத்தில், விசாரித்துப் பாருங்கள்.

சித்ராதேவி கேட்டுவிட்டுக் கொதித்தாள். "ஊரான் பிள்ளை மனசு நோகக்கூடாதுன்னு பெத்த பிள்ளை கையில கத்தியைக் கொடுக்கிறீங்களா?" கத்தி இல்லை, பிரஷ்தான். எதையும் பெரிதாக்கிப் பேசுவது அவளுக்கு வழக்கம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாவிட்டால் எனக்குப் பண்ணையில் ஒரு வேலை ஓடாது, அது வேறு விஷயம்.

அந்த ஞாயிறு வந்த கூட்டத்தைப் போல் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நானே எல்லாரையும் வரச் சொல்லியிருந்தேன். நமக்கு ஒளிவுமறைவு கூடாது பாருங்கள். மரம் வெட்டுகிற ஆட்கள் வண்டியோடு வந்து ஓரமாக நின்றார்கள். நான் பலாவடியில் நின்று மைக்கில் சொன்னேன். பாதி மரம் போகாவிட்டால் எல்லா மரமும் போகும். எதை வெட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. பெரியவன் நான், எனக்கு வேண்டியவர் வேண்டாதவர் இருக்கும். குழந்தை மனசில் அது கிடையாது. என் மகள் எந்த மரத்துக்கு வளையம் போடுகிறாளோ அந்த மரம் இன்றைக்கே வெட்டப்படும். அதில் மாற்றம் இல்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். செல்போன் எல்லாம் மேலே ஏறியது. ரெஜினா டீச்சர் மட்டும் கிட்டே வந்து, மைக்குக்குக் கேட்காமல், "வேண்டாம் சார். சின்னப் பிள்ளை. அது முகத்தைக் கொஞ்சம் பாருங்க" என்றார்கள். பார்த்தேன். வெயிலில் கொஞ்சம் வாடியிருந்தது. தொப்பியை எடுத்து மாட்டிவிட்டேன்.

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குள் போனாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. கவின் நின்றான். ஹர்ஷிதா நின்றது, வரும்போதே குங்குமம் கொண்டுவந்திருந்தது. ரிஷிவர்மன் அந்த மருவைக் கையால் மூடிக்கொண்டு நின்றான். வராத பிள்ளைகளின் மரத்தில் பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இவள் ஒவ்வொரு மரத்துக்கிட்டேயும் நின்றாள். பலகையில் தான் எழுதின பேரைப் படித்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அடுத்த மரத்துக்குப் போனாள். கடைசி வரிசை வரைக்கும் போனாள். பிரஷ் காய்ந்தே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். இத்தனை பேரைக் கூட்டிவைத்து, ஆட்களை வரவழைத்து, இப்படி நேரத்தைக் கடத்தினால்? "போடு தர்ஷி, சும்மா போடு" என்று மைக்கிலேயே சொன்னேன்.

அன்றைக்கு எனக்கு வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள். சொன்ன சொல்லை அத்தனை பேர் செல்போனில் பிடித்து வைத்திருக்கிறார்கள். வெட்டுகிற ஆள் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணே, இதையா?" என்று என்னையே பார்க்கிறான். சித்ராதேவி, "வேணாங்க, வேணாங்க" என்று கத்துகிறாள். நான் தலையை ஆட்டினேன் என்கிறார்கள். ஆட்டினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

தேக்கும் மகோகனியும் இன்றைக்கு வரைக்கும் அப்படியே நிற்கிறது. உங்களுக்குத்தான் தெரிகிறதே, கழி கழியாக. போன ஐப்பசி தப்பித்துவிட்டோம், காற்று அந்தப் பக்கமாகப் போய்விட்டது. அடுத்த ஐப்பசி வருகிறது. மறுபடியும் அவளைத்தான் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். கேட்கப் போனால் தலைவலி என்கிறாள். இப்போது பலகையும் எழுதுவது இல்லை. டவுனில் ஸ்டிக்கர் அடித்து வாங்கி வருகிறேன், மழைக்கு உரிந்துபோகிறது.

எந்த மரம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

கடைசி வரிசையிலிருந்து அப்படியே திரும்பி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. இந்த இடத்துக்கு வந்தாள், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்துக்கு. மேலே நான் சுருட்டிப் போட்டிருந்த ஊஞ்சல் கயிற்றை இழுத்து அவிழ்த்துக் கீழே வைத்தாள். பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். பலாவைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு வளையம் போட்டாள்.

"இதுலதான் யார் பேரும் இல்ல" என்றாள். டப்பாவை மூடினாள்.